மழைமானி நின்ற இடம்

கல்முனை,
2009 செப்டெம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்புள்ள மகனுக்கு,

உன்மீது இறைவனின் சாந்தி இறங்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிய பின்னரே பேனாவைத் திறந்தேன். இதற்குப் பின்னால் வருவதில் சாந்தி குறைவாகவே இருக்கும். இந்தக் கடிதத்தை நான் உறையிலிட்டு ஒட்டப்போவதில்லை. நாளைக் காலைக் கொழும்பு பஸ்ஸில் ஒரு பிரதி உனக்கு வரும். இன்னொரு பிரதி என் சட்டைப்பையில் இருக்கும். வருகிற வியாழக்கிழமை, ஒக்டோபர் முதலாம் திகதி, காலை ஒன்பது மணிக்கு ஒரே வாய்க்காலில் நீர் பாயும் நமது வயல்வட்டையின், மாரி விதைப்புக்கான பெரும்போக ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. நீ பேச எழுவதற்கு முன்னர் நான் எழுந்து, என்னிடமுள்ள பிரதியை எல்லோரும் கேட்க வாசிப்பேன். நீ மட்டும் இரண்டு நாள் முந்தி வாசிக்கிறாய். மகன் என்பதற்காக நான் தரும் சலுகை அவ்வளவுதான்.

கூட்டத்தின் அறிவித்தலை நேற்றுப் பள்ளிவாசல் பலகையில் பார்த்தேன். விதைப்பு முடிவுத் திகதி, மாடுகளை வட்டையிலிருந்து அப்புறப்படுத்தும் திகதி, வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் திகதி ஆகிய மூன்றும் அன்று கை உயர்த்தித் தீர்மானிக்கப்படும் என்றும், அதற்கு முன்னர் 'மழைவீழ்ச்சியின் நீண்டகாலப் போக்கு' பற்றி உரை இடம்பெறும் என்றும் அதில் இருந்தது. உரையாளர், கொழும்பில் காலநிலை ஆய்வு உத்தியோகம் பார்க்கும் நீ. உன் பெயரின் கீழே, 'எமது ஊர் ஓய்வுபெற்ற லிகிதர் அவர்களின் அரும்பெரும் மழைப் பதிவேடுகளை ஆதாரமாகக் கொண்டது' என்று ஒரு வரி. அறிவித்தலில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. வேறு நாளாயிருந்தால் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டு வந்திருப்பேன். நேற்று அந்தக் கடைசி வரியைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை.

கடந்த வியாழக்கிழமை நீ தொலைபேசியில் அழைத்ததை நினைவுபடுத்துகிறேன். நீ அனுப்பிய வரைபடம் முதல்நாள்தான் வந்திருந்தது.

"வாப்பா, படம் வந்துட்டா?"

"வந்த. கோடெல்லாம் நல்லாத்தான் கீறியிரிக்காய்."

"பாத்தீங்களா, மாரி தொடங்குற நாள் எப்படிப் பின்னுக்குப் போகுது எண்டு? எத்தனையோ நிலையத்துப் பதிவப் பாத்துட்டன் வாப்பா. உங்கட கொப்பியப் போல சுத்தமான பதிவு ஒரு இடத்திலயும் இல்ல."

"ம்."

"என்ன, ம் எண்டு மட்டும் சொல்றீங்க? சந்தோசமில்லையா?"

"வயிறு கொஞ்சம் சரியில்ல மகன்," என்றேன். என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. இந்த விடயத்தில் நான் உன்னிடம் சொன்ன இரண்டாவது பொய் அது. முதலாவதைப் பின்னர் சொல்கிறேன். ஒழுங்கு தவறினால் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும்.

உன் வரைபடத்தை நான் மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் பாரம் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். இடப்பக்கம் ஆண்டுதோறும் மாரியின் முதல் நல்ல மழை ஏறக்குறைய ஒரே காலத்தில் விழுகிறது. பிறகு ஓரிடத்தில் படிக்கட்டில் கால் வைத்தாற்போல் கோடு ஒரேயடியாக விலகுகிறது. அதன் பின்னர் இன்றுவரை பிந்திய நிலையிலேயே நிற்கிறது. அந்தப் படியின் கீழே நீ 'தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காலநிலை மாற்றம் தீவிரமடைகிறது' என்று எழுதியிருக்கிறாய். தொண்ணூறுகளின் தொடக்கம் என்பது திகதி அல்ல. அந்தப் படி ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறாம் ஆண்டு ஜூன் மாதத்தில் இருக்கிறது. அது எந்த மாதம், என்ன நடந்த மாதம் என்று இந்த ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். வானம் ஒரு மாதத்தில் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது மகன். மனிதர்கள்தான் ஒரே நாளில் இடம் மாறுவார்கள்.

கல்முனைக்கு மேற்கே, நாவிதன்வெளிப் பக்கம், நமது வயலுக்கு அருகே ஒரு சிறிய கந்தோர், அரசாங்க அலுவலகம், இருந்தது. நான் கோவைகள் எழுதிப் பேணும் லிகிதராக இருந்தது அங்கேதான். கந்தோரின் முற்றத்தில், மரநிழல் எதுவும் படாத இடத்தில், மழைமானி நின்றது. செம்பு உருளை, அதற்குள் புனல், புனலின் கீழே போத்தல். தினமும் காலை எட்டரைக்குப் போத்தலை எடுத்து அளவுக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்துப் பதிய வேண்டும். ஒன்பது மணியானால் அது வேறொரு நாளின் மழை. லீவு நாட்களிலும் சைக்கிளில் போய் வாசித்துவிட்டு வந்திருக்கிறேன். உன் உம்மா அந்த மழைமானியை 'உங்கட மூத்த பொஞ்சாதி' என்றுதான் சொல்வாள்.

தொண்ணூறு ஜூன் மாதத்தில் அரச படையினருக்கும் தமிழ் இயக்கத்தினருக்கும் சண்டை மீண்டும் மூண்டது. மேற்கே போன பாதை மூடப்பட்டது. வயலில் நின்ற முஸ்லிம்களான நம்மவர்கள், உயிருக்கு அஞ்சி, கிடைத்த ட்ரக்டர்களில் ஏறிக் கரைக்கு வந்தார்கள். நான் கந்தோரைப் பூட்டினேன். கோவைகளை விட்டுவிட்டு மழைமானியைப் பிடுங்கி, சாரனில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை எட்டரைக்கு அது கல்முனையில், கடலுக்கு மிக அண்மையில், நமது வீட்டு வளவின் கிணற்றடிக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு நாளும் தவறவிடவில்லை என்ற பெருமை எனக்கு.

பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. கருவி பழுதானால், போத்தல் உடைந்தால், இடம் மாறினால் அதில் எழுத வேண்டும். இதுதான் விதி. அந்த விதியைப் புதிதாக வந்த லிகிதர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான். அன்று அந்தக் கட்டத்தில் 'இடமாற்றம்: கல்முனை' என்று எழுதவேண்டிய நான், அதை வெறுமையாக விட்டேன். ஒரு மாதத்தில் திரும்பிவிடுவோம், ஒரு மாதத்துக்காக ஒரு நிலையத்தின் வரலாற்றை வெட்டுவதா என்று நினைத்தேன். ஒரு மாதம் இரண்டாயிற்று. பெரும்போகம் வந்தது, அடுத்த போகத்துக்குள் போய்விடுவோம் என்றேன். நம்மவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். வயல் உறுதிப் பத்திரங்களைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, கடைகளில் நிறுத்துக் கொடுக்கும் வேலை செய்துகொண்டு, ஒவ்வொரு ஆவணியிலும் 'இந்த முறை போயிடலாம்' என்றார்கள். நானும் ஒவ்வொரு மாதமும் பதிவேட்டின் தலைப்பில் வயற்கந்தோரின் பெயரையே அழகாக எழுதினேன். அந்த இடத்தில் 'கல்முனை' என்று எழுதியிருந்தால், வயல் கைவிட்டுப் போய்விட்டது என்று நானே கையொப்பமிட்டதுபோல் ஆகியிருக்கும். அதற்கு என் கை வரவில்லை. நியாயம் கற்பிக்க இதை எழுதவில்லை. பிழை எந்த வடிவத்தில் வந்தது என்பது உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இனி இதன் விளைவு. மாரியின் முதல் மழை எது என்று உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். கடலிலிருந்து வரும் பெருமழைக்கு முன்னர், ஐப்பசியில், பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு மேற்கே கறுத்து, இடி முழங்கி, வயற்பக்கத்தில் கொட்டிவிட்டு ஓய்கிறதே, அதுதான். அந்த மழை பெரும்பாலும் கரைக்கு வராது. கல்முனையில் நின்றால் இடி கேட்கும், மின்னல் தெரியும், மணல் நனையாது. நமது வட்டை வாய்க்காலின் கடைசியில் இருப்பது. தண்ணீர் வந்து சேரும்வரை காத்திருக்க இயலாது. ஆகவே புரட்டாதியில் உலர்ந்த மண்ணில் புழுதி விதைப்புச் செய்வார்கள். அந்த இடிமழையில் நெல் முளைக்கும். மார்கழிப் பெருமழை வரும்போது பயிர் வெள்ளத்துக்கு மேலே தலை காட்டும் உயரத்துக்கு வந்திருக்கும். இதுதான் அந்த வட்டையின் கணக்கு. அந்த இடிமழையைத்தான் தொண்ணூறுக்குப் பின்னர் என் மழைமானி பார்க்கவேயில்லை. அது அங்கே பெய்துகொண்டிருந்தது. நான் இங்கே பூச்சியம் எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியாமல் இது நடக்கவில்லை. தம்பிராசாவை உனக்குத் தெரியும். நமது வயலுக்கு அடுத்த வயற்காரர். அவர் தமிழர் என்பதால் அங்கேயே இருந்தார். அதனால் அவர் பட்ட பாடு வேறு கதை. பாதை சிறிது திறக்கும் நாட்களில் மரக்கறி மூட்டையுடன் சைக்கிளில் கல்முனைச் சந்தைக்கு வருவார். வந்தால் நமது வளவில் ஒரு தேநீர் குடிக்காமல் போகமாட்டார். ஒருமுறை, ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"லிகிதரையா, முந்தநாள் எங்கட பக்கம் ஊத்தோ ஊத்தெண்டு ஊத்தின. வரம்பெல்லாம் உடைஞ்சு கிடக்கு. உங்கட கொப்பியில என்ன கிடக்கு?"

"பூச்சியம்."

"பூச்சியமா!" என்று சிரித்தார். "அப்ப மழையும் எங்களைப் போலதான். காவலரணில பாஸ் காட்டாம இஞ்சால வரேலாது போல."

அவர் ஒரு வெற்றுப் பால்மா டின்னை வேலிக் கம்பத்தில் கட்டி வைத்திருந்தார். மழை விட்டதும் அதில் விரலை விட்டுப் பார்ப்பார். வரும்போதெல்லாம் 'ரெண்டு விரக்கடை', 'ஒண்டரை விரக்கடை' என்று என்னிடம் சொல்வார். நான் எழுதியிருக்கலாம். ஒரு தனிக் கொப்பியில் எழுதியிருந்தால் போதும். நான் சொன்னது இது: "தம்பிராசா, டின்னுக்கு விளிம்பு நெளிவு இருக்கு. விரலுக்கு விரல் கனம் வேற. இதையெல்லாம் பதிவெண்டு சொல்லேலாது." அவர் கோபிக்கவில்லை. "சரி ஐயா, நெளிவில்லாத மழை வந்தா சொல்றன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சில காலம் சொன்னார், பிறகு நிறுத்திவிட்டார். விளிம்பு நேரான என் செம்பு உருளை தவறான இடத்தில் நின்று, தசம தானம் வரை சரியாக, தவறான மழையை அளந்துகொண்டிருந்தது. நெளிந்த டின் சரியான இடத்தில் நின்றது. அந்த ஆண்டுகளில் வயலில் பெய்த மழை எவ்வளவு என்று இனி உலகில் எவராலும் சொல்ல முடியாது. தம்பிராசாவின் விரல் மறந்துவிட்டது. நான் எழுதவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வரும் ஆத்திரத்தை எவர்மீது காட்டுவது என்று தெரியாமல், உன் உம்மா மேசையில் வைக்கும் தேநீரில் சீனி கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன்னிடம் சொன்ன முதல் பொய். நீ பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்கு என் பதிவேடுகள் அனைத்தையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனாய். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் நடுப்பகுதி. அது வளவுக்கு வந்தபோது நீ சிறு பிள்ளை; கிணற்றடியில் அந்த மழைமானியைப் பார்த்தே வளர்ந்தாய். அது எப்போதும் அங்கேதான் நின்றது என்று நீ நினைத்ததில் வியப்பில்லை. பெட்டியை மூடும்போது மேலிருந்த கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"வாப்பா, மழைமானி நம்மட வளவுலதானே நிக்கிது? இதுல ஏன் வயற்கந்தோர்ட பேர் இரிக்கி?"

மிகச் சரியான கேள்வி. ஒரு நல்ல ஆய்வாளன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. நான் என்ன சொன்னேன்? "அது நிலையத்துட பேர் மகன். பேரெண்டா பேர்தான்." நீ தலையாட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டினாய். என் தகப்பன் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையில் தலையாட்டினாய். உன் வரைபடத்தில் உள்ள அந்தப் படிக்கட்டு ஜூன் தொண்ணூறில் தொடங்கவில்லை. அந்தத் தலையாட்டலில் தொடங்குகிறது. உன் ஆய்வுக்கு நல்ல தேர்ச்சி கிடைத்த செய்தி வந்த அன்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

அதே ஆண்டு டிசம்பர் இருபத்தாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம். எட்டரைக்கு மழைமானியை வாசித்தேன். எழுதி, கோடிட்டு, பேனாவை மூடினேன். ஒன்பது மணியாகவில்லை, கடல் வளவுக்குள் வந்தது. அன்று நாம் எவரையெல்லாம் இழந்தோம் என்பதை இங்கே எழுதமாட்டேன். அவர்களை என் பிழைக்குச் சாட்சியாக அழைப்பது முறையல்ல. உன் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மறுகையில் அந்த ஆண்டின் கொப்பி இருந்தது. அதை நான் எடுத்ததாகவே எனக்கு நினைவில்லை. பள்ளிவாசல் மாடியில் ஏறி நின்றபோது உன் உம்மா என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்ட கைய உட்டிருந்தாலும் இத உட்டிருக்கமாட்டீங்க." அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீடு போயிற்று. கிணறு மணலால் மூடிற்று. மழைமானி எங்கே போனதென்று தெரியவில்லை. பழைய பதிவேடுகள் உன்னிடம் இருந்ததால் தப்பின. அந்தச் செய்தி பரவியதும், எல்லாக் காகிதமும் கரைந்துபோன இந்த ஊர் அவற்றைப் புனிதப் பொருளாக்கிவிட்டது. 'சுனாமிக்குத் தப்பின கொப்பி' என்று வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கத்திலே கூடச் சொன்னார்கள். பிறப்புப் பத்திரம் தொலைத்தவர், காணி உறுதி தொலைத்தவர் எல்லாம் என்னை வழியில் மறித்து, "அல்ஹம்துலில்லாஹ், உங்கட கொப்பியாவது மிச்சம்" என்றார்கள். அப்படிச் சொல்பவரிடம் அதில் பாதி பொய்த் தலைப்பு என்று எப்படிச் சொல்வது?

சொல்வதற்கு ஒரு நல்ல வாய்ப்பும் வந்தது. அடுத்த ஆண்டு புதிய மழைமானியுடன் வானிலைக் கந்தோரின் இளம் பெண் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். நாம் அப்போது உன் பெரியம்மா வீட்டின் பின்னறையில் இருந்தோம். அந்தப் பெண்பிள்ளை மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு, மிக மரியாதையாக, "சேர், பழைய கருவி நின்ற இடம்?" என்று கேட்டார். நான் வயற்கந்தோரின் பெயரைச் சொன்னேன். "புதிய இடம்?" என்றார். "அதே நிலையந்தான், தற்காலிகமா இஞ்ச," என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அன்று ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொன்னால் பதினான்கு ஆண்டுப் பதிவில் அவர் சிவப்புக் கோடு கீறியிருப்பார். கிணறு, மாமரம், நீ படித்த மேசை என எல்லாவற்றையும் கடல் கொண்டுபோன பின்னர், அந்த வளவில் எஞ்சியது அங்கே பெய்த மழை மட்டுமே. அதையும் நானே அழிப்பதா என்று தோன்றியது. அனுதாபத்துக்குரிய காரணந்தான். ஆனால் மழைப் பதிவேட்டில் அனுதாபத்துக்குக் கட்டம் கிடையாது.

ஒன்றை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன். கடல் வந்த நாளுக்கும் புதிய கருவி வந்த நாளுக்கும் இடைப்பட்ட கட்டங்களை வெறுமையாக விட்டேன். நிரப்பிவிடு, சராசரியைப் போட்டுவிடு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நான் போடவில்லை. என் பதிவேடுகளில் ஆகச் சுத்தமான பக்கங்கள் ஒன்றும் எழுதாத அந்தப் பக்கங்கள்தான்.

இந்த ஆண்டு மே மாதத்தில் சண்டை முடிந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நம்மவர்கள் வயலுக்குப் போய்க் காடு வெட்டுகிறார்கள். வரம்பு எங்கே, வாய்க்கால் எங்கே என்று தேடிப் பிடிக்கிறார்கள். முதன்முறையாக இந்தப் பெரும்போகத்தில் விதைக்கப்போகிறார்கள். அதற்குள் உன் வரைபடத்தின் செய்தி எப்படியோ ஊருக்குள் வந்துவிட்டது. போன புதன்கிழமை தாடி ஒதுக்கச் சலூனுக்குப் போனேன். மழையைப் பற்றி அங்கே ஒரு மாநாடே நடந்துகொண்டிருந்தது.

"சுனாமியில கடல் சூடாகிட்டு. அதான் மழை பிந்துது," என்றார் ஒருவர்.

"சுனாமிக்கு முந்தியே பிந்தின எண்டுதானே லிகிதர்ட மகன் சொல்ற. அது குண்டுப் புகை. வானத்துல அடைச்சிக்கிட்டு நிண்ட."

"அப்ப சண்டை முடிஞ்சிட்டே, இனி முந்தி வருமா?"

"எல்லாம் நம்மட செய்கைதான், நம்மட அமல்தான். ஸகாத்த ஒழுங்கா குடுங்க, மழை ஒழுங்கா வரும். என்ன லிகிதர் காக்கா?" என்று சலூன்காரர் என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"தாடிய மட்டும் ஒதுக்குங்க," என்றேன்.

எவராவது ஒருவர், ஒரே ஒருவர், 'அளந்தது எங்கே வைத்து?' என்று கேட்பார் என்று கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருந்தேன். கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேச எல்லோரும் ஆயத்தம். மழைமானியைப் பற்றிப் பேச ஒருவருமில்லை. பிறகு, கேட்ட ஒருவனுக்கும் நான் என்ன மறுமொழி சொன்னேன் என்பது நினைவுக்கு வந்தது.

நேற்று முன்தினம், ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர், தம்பிராசா வந்தார். இப்போது சைக்கிள் ஓட்டுவதில்லை. பேரனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தேநீர் வரும்வரை பொறுக்கவில்லை.

"லிகிதரையா, நான் புழுதியில விதைச்சிட்டன்."

"கூட்டத்தில இன்னும் திகதி வைக்கல்லையே?"

"கூட்டத்தில திகதி வைக்கலாம். மழையக் கூட்டத்தில வைக்கேலுமா?"

அவர் தொடர்ந்தார்.

"தம்பி வந்து பிந்தி விதைக்கச் சொல்லப் போறாராம். படிச்ச பிள்ளை, உங்கட பிள்ளை, சொன்னா முழு வட்டையும் கேக்கும். மாடும் பிந்தித்தான் கலைப்பாங்க. என்ட வயல் மட்டும் முந்திப் பச்சையா நிண்டா, ஊர் மாடெல்லாம் எனக்குத்தான் விருந்து. சரி, நான் கிழவன், என்ட பாட்டை விடுங்க. உங்கட ஆக்கள் பத்தொன்பது வருசம் கழிச்சு வாறாங்க. கடன் பட்டு, காடு வெட்டி. முதல் போகமே மார்கழி வெள்ளத்தில குஞ்சுப் பயிரா நிண்டு அழுகினா, மறுகா அந்தப் பக்கம் வருவாங்களா?"

"தெரியா."

"உங்கட போத்தல் எங்க நிண்டது எண்டு தம்பிக்குத் தெரியுமா?"

பத்தொன்பது ஆண்டுகளில் அவர் என்னிடம் அதை நேராகக் கேட்டது அதுவே முதல்முறை. உன் உம்மா கதவடியில் தேநீருடன் நின்றாள். நான் "இல்லை" என்றேன். அவர் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவனமாக வைத்துவிட்டு, "அப்ப நான் போய்ட்டு வாறன் ஐயா," என்று எழுந்தார். ஒரு பகிடிகூடச் சொல்லவில்லை. அவர் போன பின்னர் உன் உம்மா, "நீங்க சொல்றீங்களா, நான் போன் எடுத்துச் சொல்லவா?" என்றாள். "எழுத்தில சொல்றன்," என்றேன். "எழுத்திலதானே இவ்வளவும் செஞ்சீங்க," என்றாள்.

மழை மாறவில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அப்படிச் சொல்வதும் இன்னொரு பொய். ஜூன் தொண்ணூறில் என் பதிவேட்டை வெட்டு. முன்பாதி வயலின் மழை. பின்பாதி கரையின் மழை. இரண்டையும் தனித்தனியே வை. ஒன்றை வைத்து மற்றதை அளக்காதே. பின்பாதியை மட்டும் பார்க்கும்போது, தூறல் நாட்கள் அருகி, ஒரேயடியாகக் கொட்டும் நாட்கள் கூடிவருவது போல எனக்குத் தோன்றுகிறது. 'போல', 'தோன்றுகிறது' என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோடிட்டு வாசி. அது கரைக்கு உண்மையாக இருக்கலாம். வயலுக்கு உண்மையா என்பது எனக்குத் தெரியாது. அதை அறிய, வயலில் மழைமானியை நட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நீ காத்திருக்கலாம். எனக்கு அவ்வளவு காலம் தரப்பட்டிருக்கிறதா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். இப்போதுள்ள அறிவைக் கொண்டு ஒரு வட்டை முழுவதையும் விதைப்பைப் பிற்போடச் சொல்ல உனக்கு உரிமையில்லை. உன்னிடம் இருப்பது இடம்பெயர்ந்த ஒரு மனிதனின் பாதை. அதை மழையின் பாதை என்று நீ நம்பியதற்குக் காரணம் நான்.

உனக்கு இதனால் ஏற்படும் இழப்பு சிறியதல்ல என்பதை அறிவேன். அந்த வரைபடத்தை நீ கொழும்பில் மேலதிகாரிகளுக்குக் காட்டியிருக்கிறாய். இனிப் போய்த் திருப்பிப் பெறவேண்டும். நீ என்மேல் கோபப்படுவாய், படு. ஆனால் கோபத்தில் ஒரு காரியம் செய்துவிடாதே. நாளும் திகதியும் குறித்து வைத்ததுபோல் உன்னை எனக்குத் தெரியும். கூட்டத்தில் நான் வாசித்து முடிக்கும் முன்பே எழுந்து, 'வாப்பா வயசாளி, மறந்துபோனார், அந்தக் காலத்துக் குழப்பத்தில் விடுபட்டிருக்கும்' என்று என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். ஊரும் அதை ஆசையோடு நம்பும். அதைச் சொல்லாதே. நான் மறக்கவில்லை. மாதந்தோறும் குறிப்புக் கட்டத்துக்கு வரும்போது என் பேனா ஒரு கணம் நின்று, பிறகு கடந்து போயிருக்கிறது. எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்துக்கொள். கொப்பிகள் உன்னிடந்தான் இருக்கின்றன.

புதன்கிழமை நீ வரும்போது அவற்றையும் கொண்டு வா. ஜூன் தொண்ணூறிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கட்டத்தில் எழுதவேண்டியதைச் சிவப்பு மையில் எழுதி, எழுதும் நாளின் திகதியிட்டு ஒப்பமிடுவேன். பழைய திகதி போடமாட்டேன்.

வியாழக்கிழமை நான் வாசித்து முடித்ததும் எல்லோரும் பேசுவார்கள். அவர்கள் கேட்பதற்கெல்லாம் நான் மறுமொழி சொல்கிறேன். அது என் வேலை. உன் வேலை ஒன்று உண்டு. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி வந்து, பின்வரிசையில் இருக்கும் தம்பிராசாவிடம், எத்தனையாம் திகதி விதைத்தீர்கள் என்று சபை கேட்கக் கேள். அவர் சொல்லும் திகதியை ஒட்டி விதைப்பு முடிவுத் திகதியை வைக்கும்படி நீயே பிரேரி. அதற்கு முதற்கை என்னுடையதாக இருக்கும். இரண்டாவது கை உன்னுடையதாக இருக்கிறதா என்று நான் திரும்பிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா.